ஆங்கிலத்தை வாசித்து வளர்த்துக்கொள்வது எப்படி: எளிய நூலில் தொடங்கும் வழி

ஆங்கிலம் வளர வேண்டுமானால் தினமும் ஆங்கில நாளிதழ் படிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை. அதை நம்பி, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நாளிதழுக்குச் சந்தா கட்டி, தலையங்கப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அறியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடிட்டு, அகராதியைப் புரட்டி ஓரத்தில் பொருள் எழுதி, ஒரு பத்தியை முடிக்க அரை மணி நேரம் செலவிட்டு, சில வாரங்களிலேயே களைத்துப்போய், ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்ற முடிவுக்கு வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களிடம் முயற்சிக்கும் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை. தினமும் படிக்க வேண்டும் என்ற பாதி அறிவுரை சரியானது. எதைப் படிப்பது என்ற மறுபாதியில்தான் பிசகு நேர்ந்துவிட்டது.

தமிழ்வழியில் படித்தவர்களையும், ஆங்கிலவழியில் படித்தும் பாடநூலுக்கு வெளியே ஆங்கிலம் வாசித்துப் பழகாதவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வலியுறுத்தப்படுவது ஒன்றே: நம் தகுதிக்குக் குறைவு என்று தோன்றும் அளவுக்கு எளிய நூல்களை எடுத்து, கதை எங்கே போகிறது என்ற ஆவலோடு, நாள் தவறாமல், நிறைய வாசிக்க வேண்டும். இலக்கணமும் சொற்களும் பெரும்பாலும் அந்த வாசிப்பின் வழியாகவே மனத்தில் படியும்.

எளிய நூல் ஏன் வேண்டும்

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷனும் அவருடன் பணியாற்றியவர்களும் நெடுங்காலமாக ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள்: ஒருவர் பிறர் துணையின்றி ஒரு நூலைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் எத்தனை அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்? ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் அறியாத சொல் இருந்தால் வாசிப்பு தடுமாறத் தொடங்குகிறது. 90 விழுக்காடு தெரிந்தால் போதாதா என்று தோன்றலாம். ஆனால் நூற்றுக்குப் பத்து என்றால், 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் இருபத்தைந்து சொற்கள் தெரியாதவை. அதாவது ஏறத்தாழ வரிக்கு ஒன்று. அப்படிப்பட்ட பக்கத்தில், தெரிந்த சொற்களைத் துணைக்கொண்டு தெரியாத சொல்லை ஊகிக்க வழியே இல்லாமல் போகிறது. தெரியாதவை ஐந்துக்குள் அடங்கினால், சுற்றியுள்ள வாக்கியங்களே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயது வந்தவர்களுக்காக எழுதப்படும் நாவலையும் நாளிதழையும் இந்த 98 விழுக்காட்டு நிலையில் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையிலான சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று 2006-ஆம் ஆண்டில் நேஷன் கணித்தார். ஒரு வினைச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் பெயர், பெயரடை முதலியவையும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். நாளிதழ்த் தலையங்கத்தோடு மல்லுக்கட்டிய மாணவர் தோற்றதற்கான காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறதே தவிர, அவருடைய மூளையில் இல்லை.

இந்தத் தடையைக் கடக்கும் முறை நம் துணைக்கண்டத்தில்தான் உருப்பெற்றது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1920-களில் டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காள மாணவர்கள் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றும் ஒரு நூலை எடுத்துத் தாமாகப் படிக்க இயலாமல் நிற்பதைக் கண்டார். பலர் பள்ளியைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதையும், அப்படி விடுகிறவர்களுக்கும் கற்ற அளவுக்குப் பயன் மிஞ்ச வேண்டும் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பேச்சை விடவும் எழுத்தை விடவும் வாசிக்கும் திறனே விரைவில் கைக்கு வரும் பயன் என்பது அவர் கருத்து. அதற்காகப் புதிய சொற்கள் பக்கத்துக்குச் சிலவே வருமாறும், வந்த சொல் திரும்பத் திரும்ப வருமாறும் அமைந்த வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். பின்னர் 1953-இல், பொதுவான பயன்பாட்டில் அடிக்கடி வரும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆங்கிலச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். சாதாரண ஆங்கில உரைநடை எதை எடுத்தாலும் அதிலுள்ள சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு, கூடியோ குறைந்தோ, இந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே முதல் இலக்கு இந்த இரண்டாயிரத்தையும் ஐயமறப் பழக்கமாக்கிக்கொள்வதுதான். அரிய சொற்களைத் தேடித் திரட்டுவது அதற்குப் பிறகு வரவேண்டிய வேலை.

எதை எடுப்பது

வெஸ்ட் தொடங்கிவைத்த மரபில் இன்று பல பதிப்பகங்கள் படிநிலை நூல்களை வெளியிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் ‘புக்வார்ம்ஸ்’ வரிசையில் தொடக்க நிலை நூல்கள் 250 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. முதல் படிக்கு 400, இரண்டாம் படிக்கு 700, மூன்றாம் படிக்கு 1000 என்று ஏறி, ஆறாம் படியில் 2500 சொற்கள் ஆகின்றன. பெங்குயின், கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களுக்கும் இதே போன்ற வரிசைகள் உண்டு. துப்பறியும் கதை, பேய்க்கதை, பயணம், வாழ்க்கை வரலாறு என வளர்ந்தவர்களும் விரும்பிப் படிக்கக்கூடிய பொருள்கள் இவற்றில் இருப்பதால், குழந்தைக் கதையைப் படிக்கிறோமே என்ற கூச்சம் எழாது.

பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கும் வழிகள் உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான படக்கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், ஒரே கதையை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படிக்கலாம். 1967-இல் தொடங்கிய அமர் சித்ரக் கதை வரிசையின் ஆங்கிலப் பதிப்புகளில் சில சொற்கள் சற்றுக் கடினமாக இருந்தாலும், படமும் முன்பே அறிந்த புராணக் கதையும் கைகொடுக்கும். செய்தியும் அறிவியலும் விரும்புவோர் விக்கிப்பீடியாவின் எளிய ஆங்கிலப் பதிப்பில் தமக்குப் பிடித்த கிரிக்கெட் வீரரைப் பற்றியோ கோளைப் பற்றியோ படிக்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கான ஆங்கில நூல்கள் நிறைந்த தனிப் பகுதிகள் உள்ளன. வளர்ந்தவர்களும் தயங்காமல் அந்த அடுக்குகளிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலோ கிளை நூலகத்திலோ கேட்டால், தூசி படிந்த அலமாரியிலிருந்து பழைய சுருக்கப் பதிப்புகள் சிலவாவது கிடைக்கும்.

மிக அருகில் இருந்தும் நாம் கவனிக்காத ஒரு நூல்தொகுதி உண்டு. பள்ளியில் ‘நான்-டீடெயில்’ என்று நாம் அழைத்த துணைப்பாடக் கதைகளே அவை. வரிவரியாக விளக்கம் கேட்காமல், கதையை விரைவாகப் படித்து மகிழ்வதற்காகவே அவை பாடத்திட்டத்தில் வைக்கப்பட்டன. தேர்வுக்கு உதவும் கைடுகள் அவற்றை ஒரு பக்கச் சுருக்கமாகக் குறுக்கி மனப்பாடம் செய்ய வைத்ததில், கதையை முழுவதும் படித்த மாணவர்களே குறைந்துபோனார்கள். தமிழ்நாடு அரசின் ஆங்கிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கி அந்தக் கதைகளை மட்டும், கேள்வி-பதில் பகுதியைத் தொடாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து வந்தாலே நல்ல அடித்தளம் அமையும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இலவசம் என்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களைப் பதிவிறக்கிக்கொண்டு தொடங்குவது நல்லதல்ல. மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் உலகின் அரிய செல்வம்தான். ஆயினும் அதிலுள்ள பழைய நூல்களின் நீண்ட வாக்கியங்களும் வழக்கொழிந்த சொற்களும் தொடக்க நிலையில் இருப்பவரை அச்சுறுத்திவிடும். அவை பின்னாளில் உரிய காலத்தில் இன்பம் தரும்.

ஒரு நூல் நமக்கு ஏற்றதா என்பதை அறிய எளிய சோதனை போதும். நடுவில் ஏதேனும் ஒரு முழுப் பக்கத்தைத் திறந்து நிறுத்தாமல் படிக்க வேண்டும். அறியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு கையின் ஐந்து விரல்களும் மடங்குவதற்குள் பக்கம் முடிந்தால் அந்த நூல் ஏற்றது. ஐந்தும் மடங்கிய பிறகும் பக்கம் நீண்டால், தயங்காமல் ஒரு படி இறங்கிவிட வேண்டும். ஒரு விரல் கூட மடங்கவில்லை என்றாலும் அந்த நூலை ஒதுக்கத் தேவையில்லை; முதல் சில மாதங்களுக்கு அத்தகைய நூல்களே வேகத்தையும் துணிவையும் தருகின்றன.

எப்படி வாசிப்பது

தமிழர் ஆங்கிலம் வாசிக்கும்போது சந்திக்கும் பெரிய இடர்ப்பாடு சொற்களில் இல்லை, வாக்கியத்தின் போக்கில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஒரு பெயரை விளக்கும் செய்தி அந்தப் பெயருக்கு முன்னால் வரும். ‘சன்னலை உடைத்த பையன் ஓடிவிட்டான்’ என்கிறோம். ஆங்கிலமோ ‘தி பாய் ஹூ ப்ரோக் தி விண்டோ ரேன் அவே’ என்று பையனை முதலில் நிறுத்தி, அவன் செய்ததைப் பின்னால் சொல்லி, அதன் பிறகு முதன்மை வினைக்கு வருகிறது. இதைப் படிக்கும் பலர், வாக்கியத்தின் இறுதிவரை போய், மீண்டும் பின்னோக்கி வந்து, சொற்களைத் தமிழ் வரிசையில் அடுக்கி, மனத்துக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்த பிறகே அடுத்த வாக்கியத்துக்கு நகர்கிறார்கள். சிறிய வாக்கியத்துக்கு இது ஒத்துவரும். இணைப்புச் சொற்களால் நான்கு வரிகள் நீளும் வாக்கியத்தில் இந்த வழி பயன் தராது, படிப்பவர் களைத்துவிடுவார்.

இதற்கு மாற்று, வாக்கியத்தைப் பொருள் தரும் துண்டுகளாகப் பிரித்து முன்னோக்கியே நகர்வது. ‘தி பாய்’ என்றதும் ஒரு பையன் கண்முன் நிற்கட்டும். ‘ஹூ ப்ரோக் தி விண்டோ’ என்றதும் அவன் சன்னலை உடைத்தவன் என்று தெரியட்டும். ‘ரேன் அவே’ என்றதும் அவன் ஓடட்டும். தமிழ் வாக்கியமாக மாற்றாமல், காட்சியாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். தொடக்கத்தில் பென்சிலால் மெல்லிய சாய்கோடுகள் இட்டுத் துண்டுகளைப் பிரித்துப் பழகலாம். எளிய நூலை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தால்தான் மனம் வாக்கியத்தின் போக்கைப் பிடிக்கும் வேலையில் ஈடுபட முடியும்.

அகராதியை வாசிப்பின் நடுவே திறக்க வேண்டாம் என்பது அடுத்த விதி. கைப்பேசியில் சொல்லைத் தொட்டவுடன் பொருள் வந்துவிடுவதால் இந்த விதி இக்காலத்தில் கடைப்பிடிக்கக் கடினமானது. ஆனால் ஒவ்வொரு தொடுதலிலும் கதையின் ஓட்டம் அறுந்துபோகிறது, ஊகிக்கும் பழக்கமும் வளராமல் நின்றுவிடுகிறது. அறியாத சொல்லுக்கு அருகே ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போக வேண்டும். அன்றைய வாசிப்பு முடிந்த பின், இரண்டு மூன்று முறை எதிர்ப்பட்ட சொற்களையும், அறியாததால் கதையே புரியாமல் போன சொற்களையும் மட்டும் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் பார்க்க வேண்டியிருந்தால் நூல் கடினமானது என்று பொருள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். மரம், பறவை, காய்கறி, கருவி போன்றவற்றின் பெயர்களுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியே சிறந்தது; பூச்சியின் பெயரை ஆங்கிலத்தில் விளக்கிப் படிப்பதால் பயன் குறைவு. வினைச்சொற்களுக்கும் மனநிலையைக் குறிக்கும் சொற்களுக்கும் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியை நாட வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942-இல் வெளியிட்ட அகராதியின் வழிவந்ததுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி. 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி, தன் விளக்கங்கள் எல்லாவற்றையும் ஏறக்குறைய இரண்டாயிரம் எளிய சொற்களுக்குள் எழுதிக்காட்டியது. அவ்விரு அகராதிகளும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. சொல்லின் பொருளோடு நின்றுவிடாமல், அங்கே தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்க வேண்டும்.

இரண்டாம் வாசிப்பும் குறிப்பேடும்

கதையை ஒருமுறை படித்து முடித்த பிறகு, பிடித்த இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் மறுபடியும் மெதுவாகப் படிக்க வேண்டும். முதல் வாசிப்பு கதைக்கானது, இரண்டாவது மொழிக்கானது. என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டதால், அது எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதில் கண் நிற்கும்.

தமிழர்கள் இந்த இரண்டாம் வாசிப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பது முதலாவது. தவறு செய்வதற்கு ‘மேக்’ வருகிறது, வீட்டுப்பாடம் செய்வதற்கு ‘டூ’ வருகிறது, நிழற்படம் எடுப்பதற்கு ‘டேக்’ வருகிறது. கனமழைக்கு ‘ஹெவி’ என்றால், கடுந்தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’. இவற்றுக்கு விதி எதுவும் கிடையாது, பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான் வழி. வேற்றுமை உருபுகளால் நாம் சொல்வதை ஆங்கிலம் முன்னிடைச் சொற்களால் சொல்வதால், அவற்றில் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். திங்கட்கிழமைக்கு ‘ஆன்’, காலைக்கு ‘இன்’, இரவுக்கு ‘அட்’ என்பதும், ‘மேரீட்’ என்பதற்குப் பின் ‘டு’ வரும் என்பதும், ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ வராது என்பதும் இலக்கண நூலில் படித்தால் மறந்துபோகும். ஐம்பது கதைகளில் எதிர்ப்பட்ட பிறகு, தவறான வடிவமே காதுக்கு உறுத்தத் தொடங்கும். தமிழில் இல்லாத ‘எ’, ‘தி’ என்ற சுட்டுச் சொற்களையும் இப்படியே கவனிக்கலாம்: கதையில் ஒரு நாய் முதன்முறை நுழையும்போது ‘எ டாக்’, அதே நாய் மறுபடி வரும்போது ‘தி டாக்’. ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’ ஆகியவை பன்மை விகுதி ஏற்காமல் நடமாடுவதும் கண்ணில் படும்.

குறிப்பேடு வைத்துக்கொள்வோர், ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ப் பொருள் வலப்பக்கம் என்று பட்டியல் எழுதும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. தனித்து எழுதப்பட்ட சொல் தேர்வறையில் நினைவுக்கு வரலாம், பேச்சில் வராது. நூலில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுவதுமாக எழுதி, அதன் கீழே அதே அமைப்பில் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நாளுக்கு இரண்டு சொற்களுக்கு இதைச் செய்தால் போதும். நூலை முடித்ததும் கதையை நூலைப் பார்க்காமல் ஐந்தாறு எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பார்ப்பதும் பெரும் பயன் தரும். வாசித்த மொழி பேச்சுக்கும் எழுத்துக்கும் வந்து சேரும் பாலம் அதுவே.

ஒலியைச் சேர்த்துக்கொள்ளுதல்

கண்ணால் மட்டும் ஆங்கிலம் கற்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கடனைக் குறிக்கும் சொல்லை எழுத்துப்படி ‘டெப்ட்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டவர், பிறர் ‘டெட்’ என்று சொல்லும்போது அது வேறு சொல் என்று நினைத்துவிடுவார். பணம் கட்டியதற்குத் தரும் சீட்டு ‘ரிசீட்’. நடுவில் எழுதப்படும் ‘பி’ ஒலிப்பதில்லை. எனவே வாரத்தில் ஓரிரு நாள்களாவது ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நூலின் வரிகளைக் கண்ணால் தொடர வேண்டும். படிநிலை நூல்களில் பலவற்றுக்கு ஒலிப்பதிவு உண்டு. ஸ்டோரிவீவர் தளத்திலும் ஒலியோடு கூடிய கதைகள் இருக்கின்றன. சற்று முன்னேறியவர்கள், தன்னார்வலர்கள் பழைய நூல்களை வாசித்துப் பதிவேற்றும், 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தைப் பயன்படுத்தலாம். கேட்ட பக்கத்தை உடனே வாய்விட்டுப் படித்தால் நாக்கும் பழகும்.

எவ்வளவு நேரம்

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். எளிய நூலை நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்ற மெதுவான வேகத்தில் படித்தாலும், இருபது நிமிடத்தில் இரண்டாயிரம் சொற்கள், மாதத்துக்கு அறுபதாயிரம், ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல். முதல் படி நூல் ஒன்று சுமார் ஐயாயிரம் சொற்கள் கொண்டது என்பதால், மூன்று நாளில் ஒரு நூலை முடித்துவிடலாம். ஒரு முழு ஆங்கில நூலை முதல் வாரத்திலேயே படித்து முடித்தோம் என்ற நிறைவு, எந்த வகுப்பும் தராத ஊக்கத்தைத் தரும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மற்ற நாள்களில் தொடாமல் இருப்பதைவிட இந்த இருபது நிமிடம் மேலானது. ஒரு சொல் மறந்துபோவதற்குள் மீண்டும் எதிர்ப்பட்டால்தான் அது பதியும்.

நேரத்தைப் புதிதாகத் தேடுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒரு வழக்கத்தோடு வாசிப்பைச் சேர்த்துவைப்பது எளிது: காலைக் காப்பிக்குப் பிறகு, பேருந்தில் வேலைக்குப் போகும்போது, பிள்ளைகள் உறங்கிய பிறகு. ஒரு நாள் தவறினால் மறுநாள் நாற்பது நிமிடம் படித்து ஈடுகட்ட முயல வேண்டாம். சலிப்பூட்டும் நூலைப் பாதியில் வைத்துவிடவும் தயங்க வேண்டாம். கடமைக்காகப் படிக்கும் நூல் அடுத்த நாள் நம்மை மேசைக்கு அழைக்காது.

படி ஏறுதல்

ஒரு படியில் தொடர்ந்து ஐந்தாறு நூல்களை, அகராதியை ஏறக்குறைய மறந்துவிட்ட நிலையில் படிக்க முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். மூன்றாம், நான்காம் படிகளைக் கடந்தவர்கள், இந்தியச் சூழலில் எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சிறுகதைகளுக்கு வரலாம். சென்னையில் பிறந்து, மால்குடி என்ற கற்பனை ஊரை முன்வைத்து எழுதிய ஆர். கே. நாராயணனின் கதைகள் தமிழருக்கு மிக ஏற்றவை. திண்ணையும் சந்தையும் பள்ளிக்கூடமும் நமக்குத் தெரிந்தவையாக இருப்பதால், மொழி மட்டுமே புதிதாக எஞ்சுகிறது.

நாளிதழுக்கான நேரமும் இதுதான். அதையும் தலையங்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. காலையில் தமிழ் நாளிதழில் படித்த செய்தி ஒன்றை, குறிப்பாக விளையாட்டுச் செய்தியையோ உள்ளூர்ச் செய்தியையோ, அதே நாளின் ஆங்கில நாளிதழில் தேடிப் படிக்க வேண்டும். செய்தி முன்பே தெரியும் என்பதால் அறியாத சொற்கள் தாமே விளங்கும். தலைப்புகளின் ஆங்கிலம் தனி வகை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ‘மினிஸ்டர் ரிசைன்ஸ்’ என்று நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அமைச்சர் பதவி விலகிவிட்டார் என்றே பொருள். ‘பிஎம் டு விசிட் சென்னை’ என்றால் இனிமேல் வரப்போகிறார் என்று பொருள். ‘டூ கில்ட் இன் ஆக்சிடென்ட்’ என்பதில் துணைவினை விடுபட்டிருக்கிறது, கொல்லப்பட்டவர்கள் அந்த இருவரே. இவற்றைப் பார்த்து நம் சொந்த எழுத்தில் சுட்டுச் சொற்களையும் துணைவினைகளையும் விட்டுவிடக் கூடாது. செய்திகள் பழகிய பிறகு கட்டுரைகள், கடைசியாகத் தலையங்கம் என்று வரிசை அமையட்டும்.

வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளுக்கு

1980-ஆம் ஆண்டில் ஃபிஜி தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான வாக்கியப் பயிற்சிக்குப் பதிலாக, படங்களோடு கூடிய ஆங்கிலக் கதை நூல்கள் ஏராளமாகத் தரப்பட்டன. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமே அமைதியாகப் படித்தார்கள்; சிலவற்றில் ஆசிரியர் உரக்கப் படித்துக் கலந்துரையாடினார். ஓராண்டு முடிவதற்குள், கதை நூல் பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வாசிப்புத் திறனில் முன்னேறியிருந்தார்கள். கிராமத்துப் பள்ளியும் வீட்டில் ஆங்கிலம் இல்லாமையும் அவர்களுக்குத் தடையாக அமையவில்லை.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதை வீட்டில் செய்ய முடியும். இருமொழியிலும் கிடைக்கும் ஒரு படக்கதையைத் தேர்ந்து, முதல் நாள் தமிழில் பெற்றோர் படித்துக்காட்டட்டும். மறுநாள் அதே கதையின் ஆங்கில வடிவத்தைப் பிள்ளை படிக்கட்டும். படத்தையும் நேற்றைய கதையையும் வைத்துப் பொருளைச் சொல்லட்டும். இடையில் எழுத்துப் பிழையையோ உச்சரிப்பையோ திருத்த வேண்டாம், கேள்வி கேட்டுச் சோதிக்கவும் வேண்டாம். அடுத்து என்ன ஆகிறது என்று மட்டும் கேட்கலாம். ஆசிரியர்கள் வகுப்பறையின் ஒரு மூலையில் ஒரு கயிற்றைக் கட்டி முப்பது நாற்பது மெல்லிய ஆங்கிலக் கதை நூல்களைத் தொங்கவிட்டு, வாரத்தில் இரண்டு பாடவேளையாவது பிள்ளைகள் விரும்பியதை எடுத்துப் படிக்க விடலாம். படித்த நூலைப் பற்றிச் சுருக்கம் எழுதச் சொல்லாமல், இன்னொரு மாணவருக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் அதை எடுக்க அடுத்த பிள்ளை தானாக எழுந்து போகும்.